பெல்லட் அடுப்பு வைத்தோம், பணம் மிச்சமாகிறதா?

கேள்வி: அமெரிக்காவில் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில், நாஷுவாவில் சொந்த வீட்டில் இருக்கிறோம். ஹீட்டிங் ஆயிலில் ஓடும் பாய்லர்தான் வீட்டைச் சூடாக்குகிறது, குளிக்க வெந்நீரும் அதிலிருந்துதான். ஆயில் செலவைக் குறைக்க, 2024 அக்டோபரில் கூடத்தில் ஒரு பெல்லட் அடுப்பு (மரத்தூளை அழுத்திச் செய்த சிறு குச்சிகளை எரிப்பது) வைத்தோம். பொருத்தும் கூலியோடு 4,800 டாலர் ஆனது. முதல் குளிர்காலத்துக்கு டன் 340 டாலர் என்று 3 டன் பெல்லட் வாங்கினோம். பிப்ரவரியிலேயே தீர்ந்துவிட்டது. கடையில் மூட்டை 8.50 டாலருக்கு இன்னும் 14 மூட்டை வாங்கினோம். அதற்கு முந்தைய ஆண்டு 720 காலன் ஆயில் ஆனது, அடுப்பு வந்த பிறகு 430 காலன். ஆயில் காலன் 3.60 டாலர், மின்சாரம் யூனிட் 24 சென்ட். “ஒன்றும் மிச்சமில்லை, சாம்பல் அள்ளுவதுதான் மிச்சம்” என்கிறார் மனைவி. அடுத்த குளிர்காலத்துக்கு 4 டன்னை இப்போதே கிரெடிட் கார்டில் வாங்கி, மாதாமாதம் கட்டலாமா? எவ்வளவு எரிகிறது என்று எப்படிக் கணக்கு வைப்பது?

பதில்: நேரடியாகக் கழித்துப் பார்த்தால் உங்கள் மனைவி சொல்வதுதான் சரி. பெல்லட்டுக்கு 1,139 டாலர் கொடுத்திருக்கிறீர்கள். குறைந்த ஆயில் 290 காலன், அதன் விலை 1,044 டாலர். 95 டாலர் நஷ்டம்.

ஆனால் இந்தக் கழித்தலில் குளிர் எங்குமே வரவில்லை. நீங்கள் ஒப்பிட்ட 2023-24 குளிர்காலம், அமெரிக்க நிலப்பரப்பில் பதிவானவற்றிலேயே மிக வெதுவெதுப்பானது. அந்த ஆண்டு யாருக்குமே ஆயில் குறைவாகத்தான் ஆகியிருக்கும். அதை அளவுகோலாக வைத்தால் அடுப்பு செய்த வேலை குறைவாகத்தான் தெரியும்.

குளிரைக் கணக்கில் கொண்டுவர ‘டிகிரி டே’ என்ற அளவு இருக்கிறது. ஒரு நாளின் சராசரி வெப்பநிலை 65 பாரன்ஹீட்டுக்குக் கீழே எத்தனை டிகிரி போகிறதோ, அதுதான் அந்த நாளின் எண். சராசரி 25 டிகிரி என்றால் 40. அப்படி ஏழு நாள் போனால் வாரத்துக்கு 280. உங்கள் ஊருக்கான எண் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும். உங்களுக்கு ஆயில் ஊற்றும் கம்பெனிக்காரர்களே பெரும்பாலும் இதை வைத்துத்தான் எப்போது லாரி அனுப்புவது என்று முடிவு செய்கிறார்கள்.

கணக்கு புரிவதற்காக, மொத்த டிகிரி டே முந்தைய குளிர்காலத்துக்கு 6,000, அடுப்பு வந்த குளிர்காலத்துக்கு 6,600 என்று வைத்துக்கொள்வோம். சரியான எண்களை நீங்கள் எடுத்துப் போட்டுக்கொள்ளுங்கள். 720 காலனில் வெந்நீருக்கு மாதம் 10 என்று 120 போனால், வீட்டைச் சூடாக்க ஆனது 600 காலன். குளிர் பத்து சதவீதம் கூடினால் அது 660. வெந்நீரைச் சேர்த்தால் அடுப்பு இல்லாமல் 780 காலன் ஆகியிருக்கும். ஆனது 430. அப்படியானால் அடுப்பு மிச்சப்படுத்தியது 350 காலன், அதாவது 1,260 டாலர். பெல்லட் செலவு போக 121 டாலர் கையில் நிற்கிறது.

அடுப்பின் விசிறிக்கும் பெல்லட்டை உள்ளே தள்ளும் திருகுக்கும் மின்சாரம் வேண்டும். மாதம் சுமார் 100 யூனிட் என்று வைத்தால் ஐந்து மாதத்துக்கு 120 டாலர். ஆக, முதல் குளிர்காலத்தில் லாபமும் இல்லை, நஷ்டமும் இல்லை. சிம்னி சுத்தம் செய்ய ஆள் வைத்திருந்தால் அந்தப் பணம் கைநஷ்டம்தான்.

இது அடுப்பின் கோளாறா என்றால், இல்லை. ஒரு டன் பெல்லட்டில் ஏறக்குறைய 1.65 கோடி பிடியு (வெப்பத்தை அளக்கும் அலகு) வெப்பம் இருக்கிறது, ஒரு காலன் ஆயிலில் 1,38,500. அடுப்பு 80 சதவீதம், பாய்லர் 85 சதவீதம் வெப்பத்தை வீட்டுக்குத் தருவதாக எடுத்துக்கொண்டால், ஒரு டன் பெல்லட் 112 காலன் ஆயிலுக்குச் சமம். நீங்கள் எரித்தது 164 மூட்டை. டன்னுக்கு 50 மூட்டை என்பதால் 3.28 டன். 367 காலன் குறைய வேண்டும், 350 குறைந்திருக்கிறது. அடுப்பு ஒழுங்காகத்தான் எரிகிறது. விலைதான் இடிக்கிறது.

எனவே நீங்கள் மனதில் வைக்க வேண்டியது இதுதான்: அன்றைய ஆயில் விலையை 112-ஆல் பெருக்கி, டன்னுக்கு ஆகும் மின்சாரமாக 37 டாலரைக் கழியுங்கள். 3.60-க்கு 366 வரும். வண்டிக் கூலியோடு டன் அதற்குக் கீழே கிடைத்தால் மட்டுமே பெல்லட் லாபம். ஆயில் 3 டாலருக்கு இறங்கினால் உச்சவரம்பு 299 ஆகிவிடும், அப்போது 340-க்கு வாங்குவது நஷ்டம். பிப்ரவரியில் நீங்கள் வாங்கிய 8.50 டாலர் மூட்டையைப் பாருங்கள். டன் கணக்கில் 425 டாலர். அந்த 14 மூட்டைக்குப் பதில் பாய்லரையே ஓடவிட்டிருக்கலாம். பெல்லட் தீர்ந்துபோனால் பதறாதீர்கள், உங்களிடம்தான் இன்னொரு எரிபொருள் தயாராக இருக்கிறதே.

அப்புறம் கணக்கு வைக்கும் முறை. இதற்கென்று கருவி எதுவும் வாங்க வேண்டாம். அடுப்புக்குப் பக்கத்தில் ஒரு மாதக் காலண்டரை மாட்டி, மூட்டை பிரிக்கும்போதெல்லாம் அன்றைய தேதியில் ஒரு கோடு போடுங்கள். யார் பிரித்தாலும் போட வேண்டும், பிள்ளைகள் உட்பட. ஞாயிறு காலையில் ஹாப்பரை (அடுப்பில் பெல்லட் கொட்டிவைக்கும் பெட்டியை) எப்போதும் ஒரே மட்டம் வரை நிரப்புங்கள். இல்லையென்றால் ஒரு வாரத்து பெல்லட் அடுத்த வாரக் கணக்கில் ஏறிவிடும். வார மூட்டையை அந்த வாரத்து டிகிரி டேயால் வகுத்து 100-ஆல் பெருக்குங்கள்.

280 டிகிரி டே வாரத்தில் 9 மூட்டை ஆனால் எண் 3.2. ஜனவரிக் கடுங்குளிரில் 350-க்கு 11 மூட்டை ஆனால் 3.1. இரண்டு மூட்டை கூடியது குளிரால்தான், கவலை வேண்டாம். மார்ச்சில் 200-க்கு 8 மூட்டை ஆகி எண் 4-க்கு ஏறினால்தான் உட்கார்ந்து யோசிக்க வேண்டும். பெல்லட் எரியும் கிண்ணத்தில் சாம்பல் கட்டி சேர்ந்திருக்கலாம், கதவு ரப்பர் தளர்ந்திருக்கலாம், யாராவது தெர்மோஸ்டாட்டை (சூட்டைக் கட்டுப்படுத்தும் கருவியை) ஏற்றியிருக்கலாம், பெல்லட் ஈரம் பட்டிருக்கலாம். முதலில் கிண்ணத்தைப் பாருங்கள்.

பெல்லட்டின் தரத்தையும் இந்த எண்ணே காட்டிக்கொடுக்கும். திருகு எடையைப் பார்த்துத் தள்ளுவதில்லை, நேரக் கணக்கில் சுழல்கிறது. நீளமான பெல்லட் என்றால் ஒரு சுற்றுக்குக் குறைவாகப் போகும், சூடும் குறையும். புது பிராண்டில் ஒரு டன் எடுக்கும் முன் ஐந்து மூட்டை வாங்கி ஒரே செட்டிங்கில் எரித்துப் பாருங்கள். ‘பிரீமியம்’ முத்திரை உள்ளதில் சாம்பல் 1 சதவீதத்துக்குள், ஈரம் 8 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். 40 பவுண்டு மூட்டைக்கு அரை பவுண்டுக்கு மேல் சாம்பல் அள்ளினால் அந்த பிராண்டு வேண்டாம். மூட்டைகளை வெறும் சிமென்ட் தரையில் அடுக்காதீர்கள். ஈரம் ஏறிய பெல்லட் உப்பி மரத்தூளாகிவிடும், போட்ட காசு அப்படியே போகும்.

ஆயிலுக்குத் தொட்டி மேலிருக்கும் மிதவையை நம்ப வேண்டாம், அது தோராயம். தொட்டி நிறைய ஊற்றிய ரசீதுகளின் காலன்களை அதே காலண்டரில் எழுதுங்கள். மூட்டையை மட்டும் எண்ணினால் செலவு தெரியும், மிச்சம் தெரியாது. அடுப்பும் எரிந்து பாய்லரும் பழையபடி ஓடினால், இரண்டு எரிபொருளுக்கும் சேர்த்துக் காசு கொடுக்கிறீர்கள் என்று அர்த்தம். படுக்கையறைகளின் தெர்மோஸ்டாட்டைக் குறைத்தால்தான் பணம் நிற்கும். ஆனால் பாய்லர் தெர்மோஸ்டாட் அடுப்பு இருக்கும் கூடத்திலேயே இருந்தால் கவனம். கூடம் சூடாக இருப்பதால் பாய்லர் ஓடாது, வெளிச்சுவரில் போகும் குழாய் உறைந்து வெடித்தால் பல வருட மிச்சம் ஒரே இரவில் போய்விடும்.

கிரெடிட் கார்டில் 4 டன் வேண்டாம். 340 டாலர் விலையில் டன்னுக்கு 26 டாலர்தான் லாபம், நான்குக்கும் சேர்த்து 104. ஆண்டுக்கு 24 சதவீத வட்டியில் 1,360 டாலரை எட்டு மாதம் சமமாகக் கட்டி முடித்தால் வட்டியே 120 டாலருக்கு மேல். கோடையில் விலை இறங்கும்போது, கையில் இருக்கும் பணத்தில் 3 டன் மட்டும் எடுங்கள். அவசர நிதியிலிருந்து எடுக்காதீர்கள்.

கடைசியாக, நீங்கள் கேட்காத ஒன்று. பெல்லட்டில் தேடும் மிச்சத்தைவிட இது பெரிய தொகை. 2024-இல் சொந்தக் குடியிருப்பில் பொருத்திய, 75 சதவீதமோ அதற்கு மேலோ திறன் கொண்ட பெல்லட் அடுப்புக்கு, பொருத்தும் கூலி உட்பட செலவில் 30 சதவீதம், அதிகபட்சம் 2,000 டாலர் வரை மத்திய வருமான வரியில் கழிவு உண்டு. உங்கள் 4,800-க்கு 1,440 டாலர். (2025 டிசம்பர் 31-க்குப் பிறகு பொருத்தும் அடுப்புகளுக்கு இது கிடையாது, உங்களுக்கு அந்தத் தடை இல்லை.) 2024 வரித்தாக்கலில், இந்தக் கழிவைக் கோரும் 5695 படிவம் இருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள். இல்லையென்றால், அடுப்பின் திறன் சான்றிதழைத் தயாரிப்பாளரிடம் வாங்கி, 1040-எக்ஸ் படிவத்தில் திருத்தித் தாக்கல் செய்யுங்கள். 2025 ஏப்ரல் கெடுவுக்குள் முதல் தாக்கலைச் செய்திருந்தால், 2028 ஏப்ரல் நடுவரை அவகாசம் இருக்கிறது.