பரணுக்கு அரைக் கோடி, பட்டிக்கு என்ன? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: எங்கள் ஊர் விளாத்திகுளம் வட்டத்தில் இருக்கிறது. மூன்று தலைமுறையாகச் செம்மறிப் பட்டி வைத்திருக்கிறோம். இன்று என்னிடம் தொண்ணூறு உருப்படிகள் உள்ளன. சென்ற ஆண்டு வெளியூர்க்காரர் ஒருவர் இங்கே நிலம் வாங்கி, ஐந்நூறு ஆடுகளை அடைத்து வளர்க்க, தரையிலிருந்து உயர்த்திக் கட்டிய பரண் கொட்டில் அமைத்தார். அதற்கு அரசு 50 லட்சம் ரூபாய் மானியம் தருகிறது என்கிறார்கள். நாங்கள் மேய்த்துவந்த தரிசுகளையும் அவர் குத்தகைக்கு எடுத்து வேலி போட்டுவிட்டார். எங்கள் வரிப்பணத்தைக் கொண்டே எங்களுக்குப் போட்டியாளரை உருவாக்குவது சரிதானா?
– ஒரு வாசகர், தூத்துக்குடி மாவட்டம்

பதில்: நீங்கள் கேள்விப்பட்டது வெறும் ஊர்ப்பேச்சு அன்று. மத்திய அரசின் தேசிய கால்நடை இயக்கம் 2021-22இல் மாற்றியமைக்கப்பட்டபோது, ஆடு, கோழி, பன்றி வளர்ப்பில் தொழில்முனைவோரை உருவாக்குவது அதன் முக்கிய நோக்கங்களுள் ஒன்றானது. 500 பெட்டையும் 25 கிடாவும் கொண்ட பண்ணைக்கு மூலதனச் செலவில் 50 விழுக்காடு, உச்சவரம்பாக 50 லட்சம் ரூபாய், மானியம் உண்டு. மீதியை வங்கிக் கடனாகவோ சொந்தப் பணமாகவோ திரட்ட வேண்டும். மானியம் சிறுதொழில் வளர்ச்சி வங்கியான சிட்பி வழியாக இரண்டு தவணைகளில் வரும். தனிநபரும் பெறலாம், சுய உதவிக் குழுவும் உழவர் உற்பத்தியாளர் நிறுவனமும் பெறலாம். ஆகவே, மானியம் பெற்றதற்காக அந்தப் பண்ணைக்காரர்மீது கோபப்படுவதில் பொருளில்லை. உங்கள் கேள்வி திட்டத்தை வகுத்தவர்களிடம் போய்ச் சேர வேண்டியது.

செலவில் பாதி என்ற கணக்கிலேயே அதன் சாய்வு இருக்கிறது. 50 லட்சம் பெறுவதற்கு ஏறத்தாழ ஒரு கோடி ரூபாய்த் திட்டம் ஒன்றைக் காட்ட வேண்டும். அதைக் காட்ட முடிந்தவருக்கே அரசு பாதியைத் தருகிறது. உங்கள் பட்டியின் மூலதனம் என்ன? ஆடுகள், கிடை வலை, காவல் நாய், எந்த மாதம் எந்தக் காட்டில் என்ன தழை கிடைக்கும் என்று உங்கள் தாத்தா காலத்திலிருந்து சேர்ந்துவந்த அறிவு. பரணுக்கும் தீவனக் கொட்டகைக்கும் திட்ட அறிக்கையில் ஒரு தொகையை எழுதிவிடலாம். இந்த அறிவுக்கு எந்தத் தொகையை எழுதுவது?

தமிழ்நாடு அரசு 2011இல் தொடங்கிய விலையில்லா ஆடுகள் திட்டத்தை இத்துடன் ஒப்பிட்டுப் பாருங்கள். நிலமற்ற ஏழைக் குடும்பத்துக்கு நான்கு ஆடுகள் வீதம், ஐந்து ஆண்டுகளில் 7 லட்சம் குடும்பங்களுக்கு வழங்குவது அதன் இலக்காக இருந்தது. ஒரு பெட்டை ஆட்டின் விலையை 10,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், ஒரே பண்ணைக்குப் போகும் 50 லட்சம் ரூபாயில் 125 குடும்பங்களுக்கு நான்கு நான்கு ஆடுகள் கொடுத்துவிடலாம். பொதுப்பணத்தைச் செலவிடுகிறவர்கள் இந்தக் கணக்கையும் ஒருமுறை போட்டுப் பார்த்திருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

எனினும், உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் உறுத்தியது மானியத் தொகை அன்று, வேலி. பரண் முறையின் அடிப்படையே ஆடுகள் வெளியே போகாமல் கொட்டிலில் தீவனம் தின்று வளர்வதுதான். அதற்கு வேண்டிய வேலிமசாலையும் அகத்தியையும் கோ-4 புல்லையும் தன் சொந்த நிலத்தில் விளைவித்துக்கொள்ளும் பண்ணையால் உங்களுக்கு இடைஞ்சல் குறைவு. ஊரார் காலங்காலமாக மேய்த்த தரிசையும் அது வளைத்துக்கொண்டால்தான் உங்கள் பிழைப்பில் கைவைக்கிறது. பட்டா நிலத்தைக் குத்தகைக்கு எடுப்பதைச் சட்டம் தடுக்காது. ஆனால் வேலிக்குள் மேய்க்கால் புறம்போக்கு, அதாவது ஊர் மேய்ச்சலுக்கென ஒதுக்கிய பொது நிலம், ஒரு சென்ட் இருந்தாலும் அது வேறு விவகாரம். கிராம நிர்வாக அலுவலரிடம் உள்ள அ-பதிவேட்டில் ஒவ்வொரு புல எண்ணுக்கும் நிலத்தின் வகைப்பாடு எழுதப்பட்டிருக்கும். முதலில் அதைப் பாருங்கள். ஊர்ப் பொது நிலங்களில் உள்ள ஆக்கிரமிப்புகளை அகற்றத் திட்டம் வகுக்குமாறு உச்ச நீதிமன்றம் 2011 ஜனவரியில், ஜக்பால் சிங் வழக்கில், எல்லா மாநில அரசுகளுக்கும் உத்தரவிட்டிருக்கிறது.

மேற்குத் தொடர்ச்சி மலை அடிவாரத்தில் இருப்பவர்களின் நிலை இன்னும் கடினமானது. தேசியப் பூங்காக்கள், சரணாலயங்கள், புலிகள் காப்பகங்களுக்குள் கால்நடைகளை மேய்க்கச் சென்னை உயர் நீதிமன்றம் 2022 மார்ச்சில் தடை விதித்தது. 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டமோ மேய்ச்சலை ஓர் உரிமையாக ஏற்கிறது. காட்டிலும் தடை, தரிசிலும் வேலி என்றால் பட்டிக்காரர் எங்கே போவார்? பண்ணை தன் தீவனத்தைத் தன் நிலத்திலேயே விளைவிக்க வேண்டும் என்பதையும், மேய்ச்சல் நிலம் குறித்துக் கிராம சபையின் கருத்தைப் பெற வேண்டும் என்பதையும் மானியத்தின் நிபந்தனைகளாக்க வேண்டும் என்று கேட்பது நியாயமான கோரிக்கையே.

கேள்வி: பெரிய பண்ணைகள் பெருகினால் கறி விலை குறையும், அது எங்களைப் போன்று வாங்கிச் சாப்பிடுகிறவர்களுக்கு நல்லதுதானே?
– ஒரு வாசகி, மதுரை

பதில்: அப்படி எளிதில் குறையாது என்றே நினைக்கிறேன். 2019 கால்நடைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் 14.89 கோடி வெள்ளாடுகளும் 7.43 கோடி செம்மறிகளும் இருந்தன. இவற்றில் பெரும்பகுதி சிறு உழவர்களிடமும் நிலமற்றவர்களிடமும் வளர்பவை. மேயும் ஆடு அறுவடைத் தாளையும் வேலிக் கருவேலங்காயையும் தின்று கறியாக்குகிறது. தீவனத்துக்கு ஏறக்குறையச் செலவில்லை. பரணில் நிற்கும் ஆட்டுக்கு அடர்தீவனம், கூலி, மின்சாரம், வங்கி வட்டி எல்லாம் உண்டு. அந்தச் செலவில் வளர்ந்த ஆட்டைச் சந்தையில் மலிவாக விற்பது கடினம் என்பதால், பல பண்ணைகள் இனவிருத்திக் குட்டி விற்பனையையே பெரிதும் நம்பியிருக்கின்றன.

மேய்ச்சல் மந்தைகள் குறைந்தால் ஏற்படும் இழப்பு ஒன்றையும் கருத வேண்டும். இராமநாதபுரம், சிவகங்கைப் பக்கத்துக் கீதாரிகள், அதாவது ஊர் ஊராக மந்தை ஓட்டிச் செல்லும் மேய்ப்பர்கள், அறுவடை முடிந்த வயல்களில் இரவுதோறும் ஆடுகளை அடைத்துக் கிடை போடுவதால் நிலத்துக்கு எரு கிடைக்கிறது. அதற்கு நிலத்துக்காரர் கூலி தருகிறார். வேம்பூர், கீழக்கரிசல் செம்மறிகளும் கன்னி ஆடும் இப்படி வெயிலில் நடந்து மேய்ந்த மந்தைகளில் உருவான இனங்கள். வெளிநாட்டுப் போயர் கலப்பின ஆட்டையும் கேரளத்துத் தலைச்சேரி ஆட்டையும் மட்டுமே நாடும் பண்ணைகள் இவற்றுக்கு ஈடாகமாட்டா.

கேள்வி: எங்கள் ஊரில் ஐந்து பட்டிக்காரர்கள் சேர்ந்து நாங்களே அந்த மானியத்துக்கு விண்ணப்பிக்க முடியுமா?
– ஒரு வாசகர், விருதுநகர் மாவட்டம்

பதில்: முடியும். தொடக்கத்தில் 500 ஆட்டுப் பண்ணைக்கு மட்டும் என்றிருந்த திட்டத்தில், பின்னர் 100 பெட்டை, 5 கிடா கொண்ட சிறிய அலகும் சேர்க்கப்பட்டது. அதற்கு 10 லட்சம் ரூபாய் வரை மானியம். கடனுக்கு எல்லோரும் சேர்ந்து பொறுப்பேற்கும் கூட்டுப் பொறுப்புக் குழுவாக அமைந்தால் விண்ணப்பிக்கலாம். கடன் வாங்குவதானால் வங்கியின் ஒப்புதலும், சொந்த நிலம் அல்லது குத்தகை ஆவணமும், பயிற்சி அல்லது அனுபவத்துக்கான சான்றும் வேண்டும். பலர் தடுக்கி நிற்பது குத்தகை ஆவணத்தில்தான். வாய்மொழிக் குத்தகையை வங்கி ஏற்காது. விண்ணப்பம் இணையம் வழியாகத்தான் என்பதால், அருகிலுள்ள கால்நடை மருந்தகத்து உதவி மருத்துவரிடம் உதவி கேளுங்கள்.

மானியம் கிடைக்கிறதோ இல்லையோ, மந்தையைக் காப்பீடு செய்துவிடுங்கள். தேசிய கால்நடை இயக்கத்தில் 2024 பிப்ரவரியில் செய்த மாற்றத்தின்படி, வளர்ப்பவர் கட்ட வேண்டிய பங்கு பிரீமியத்தில் 15 விழுக்காடு மட்டுமே. ஆடு என்றால் ஒருவருக்கு நூறு உருப்படிகள் வரை இச்சலுகை உண்டு. துள்ளுமாரி, ஆட்டுக்கொல்லி ஆகிய நோய்களுக்கு மழைக்கு முன்பே தடுப்பூசி போட்டுவிடுங்கள்.