Re: ராத்திரி பயத்தில் ஜெபிக்க முடியவில்லை, விசுவாசம் போய்விட்டதா?

சகோதரி, வேலை போன பிறகு ராத்திரி 3 மணிக்கு விழிப்பு தட்டி, ஜெபிக்க வாய் வரவில்லை என்று எழுதியிருந்தீர்கள். பயம் வந்தால் விசுவாசம் போய்விட்டதென்று அர்த்தமில்லை. வேதாகமத்தில் சங்கீதம் 13-ஐ எடுங்கள், 6 வசனம்தான். முதல் 2 வசனங்களிலேயே அதைப் பாடிய தாவீது ராஜா "எதுவரைக்கும்" என்று 4 முறை கேட்கிறார். அதை உங்கள் வார்த்தையில், உங்கள் பயத்தின் பெயரைச் சொல்லி, வாய்விட்டுக் கேளுங்கள். பலர் அந்தப் புலம்பலைத் தாண்டி நேரே 5-ம் வசனத்து நம்பிக்கைக்கு ஓடுகிறார்கள். அதனால்தான் ஜெபம் ஒட்டுவதில்லை. அன்றைக்கு 2-ம் வசனத்தோடு நின்றாலும் பரவாயில்லை. 88-ம் சங்கீதம் இருளில்தான் முடிகிறது, அதுவும் ஜெபம்தான்.

சாப்பாட்டை விடாதீர்கள். சூரைச்செடியின் கீழ் சாகக் கேட்ட எலியா தீர்க்கதரிசியைத் தேவதூதன் கண்டிக்கவில்லை. 2 முறை தட்டியெழுப்பிச் சாப்பிடச் சொன்னான் (1 இராஜாக்கள் 19). தூக்கமின்மை 2 வாரம் தாண்டினால் மருத்துவரையும் பாருங்கள். சாக வேண்டுமென்ற எண்ணம் வந்தால் அன்றைக்கே யாரிடமாவது சொல்லிவிடுங்கள்.