சட்டப் பேராசிரியர்கள் எழுதும் புத்தகங்கள்: கேள்வி பதில்

சட்டக் கல்லூரி நூலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். சட்டம் கற்பிப்பவர்கள் எழுதிய நூல்களைத் தேர்ந்தெடுத்து வாங்குவதும், தேடி வருபவர்களுக்கு எடுத்துக் கொடுப்பதும்தான் என் பிழைப்பாக இருந்தது. அந்த நூல்களைப் பற்றி வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன். ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துவிட்டேன்.

கேள்வி (முதலாண்டு மாணவி): ஐயா, எங்கள் பட்டியலில் பாடநூல், வழக்குத் தொகுப்பு, ஆய்வுநூல் என்று தனித்தனியாகப் போட்டிருக்கிறார்கள். எல்லாமே பேராசிரியர்கள் எழுதியதுதான். என்ன வித்தியாசம்?

பதில்: யாருக்காக எழுதியது என்று பாருங்கள், பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். பாடநூல் உங்களுக்காக எழுதியது. வழக்குத் தொகுப்பும் உங்களுக்குத்தான், ஆனால் அதில் ஆசிரியர் அதிகம் பேசமாட்டார். தீர்ப்புகளை வெட்டி, வரிசைப்படுத்தி, உங்கள் முன் வைத்துவிட்டு ஒதுங்கிக்கொள்வார். ஹார்வர்டில் லாங்டெல் 1871-இல் ஒப்பந்தச் சட்டத்துக்காக வெளியிட்ட தொகுப்புதான் இந்த வகைக்கு முன்னோடி.

பட்டியலில் இல்லாத இன்னொரு வகையும் உண்டு. ஒரு துறை முழுவதையும் மூலைமுடுக்கு விடாமல் சொல்லும் பெருநூல். சாட்சியச் சட்டத்துக்கு விக்மோர் 1904-இல் வெளியிடத் தொடங்கியது அந்த ரகம். அதை வக்கீலும் நீதிபதியும் புரட்டுவார்கள்.

ஆய்வுநூல் இவை எதிலும் சேராது. ஒரே ஒரு கேள்வியை எடுத்துக்கொண்டு, ஒரு வாதத்தை முன்வைத்து, அதற்காக முந்நூறு பக்கம் மல்லுக்கட்டும். பரீட்சைக்கு முதல் நாள் ராத்திரி அதைத் திறக்காதீர்கள். பெருநூலில் "சட்டம் இதுதான்" என்று ஒரு வரி இருந்தால் பெரும்பாலும் அது உள்ள நிலையைச் சொல்கிறது. ஆய்வுநூலில் அதே வரி இருந்தால், "இப்படித்தான் இருந்திருக்க வேண்டும்" என்ற ஆசை அதில் ஒளிந்திருக்கலாம். விடைத்தாளில் இரண்டையும் ஒன்றாக்கிவிடுபவர்கள் நிறைய.

கேள்வி (இளம் வழக்கறிஞர்): கோர்ட்டில் பேராசிரியர் புத்தகத்தைக் காட்டி வாதாடினால் எடுபடுமா சார்? என் சீனியர் "தீர்ப்பு இருந்தால் காட்டு, புத்தகம் வேண்டாம்" என்கிறார்.

பதில்: உங்கள் சீனியர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆனால் எல்லாக் காலத்திலும் எல்லா நாட்டிலும் அப்படி இருந்ததில்லை.

ரோமப் பேரரசில் 426-ஆம் ஆண்டில் ஒரு ஆணை வந்தது. பாப்பினியன், பவுலஸ், கயஸ், உல்பியன், மொடெஸ்டினஸ் என்ற ஐந்து சட்ட அறிஞர்களின் எழுத்துக்கு நீதிமன்றத்தில் அதிகாரம் உண்டு என்றது. அவர்களுக்குள் கருத்து வேறுபட்டால் பெரும்பான்மை பார்க்க வேண்டும், சமமாகப் பிரிந்தால் பாப்பினியன் சொன்னது செல்லும். செத்துப்போனவர்களை வைத்து ஓட்டெடுப்பு நடத்தியிருக்கிறார்கள்! இந்த ஐவரில் கயஸ் ஆசிரியராக இருந்தவர் என்று கருதப்படுகிறது. அவர் மாணவர்களுக்காக எழுதிய அறிமுகநூல் பல நூற்றாண்டுகள் காணாமல் போய், 1816-இல் வெரோனாவில் கிடைத்தது. அந்தத் தோல் ஏட்டைச் சுரண்டிவிட்டு அதன்மேல் புனித ஜெரோமின் கடிதங்களை எழுதி வைத்திருந்தார்கள்.

இங்கிலாந்து இதற்கு நேர் எதிர். உயிரோடு இருக்கும் ஆசிரியரின் நூலை ஆதாரமாகக் காட்டக்கூடாது என்பது அங்கே நெடுநாள் வழக்கமாக இருந்தது. உயிரோடிருப்பவர் நாளைக்கே மனம் மாறலாம் என்பது அதற்குச் சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று. வழக்கம் தளர்ந்த பிறகும் தயக்கம் முழுதாகப் போகவில்லை. 1960-களின் இறுதியில் நீதிபதி மெகாரி முன்னால் ஒரு சொத்து வழக்கு. வக்கீல் எடுத்துக் காட்டியது மெகாரியே பேராசிரியர் வேடுடன் சேர்ந்து எழுதிய நூல். மெகாரி மசியவில்லை. நூலாசிரியர் நிறையப் படித்து, பரந்து பார்த்து எழுதுகிறார், அது சிந்தனைக்கு உரம், ஆனால் எதிர்த்தரப்பு வக்கீலின் வாதத்தில் அடிபட்டு வந்ததல்ல, ஆகவே தீர்ப்பின் எடை அதற்கு இல்லை என்ற பொருளில் சொன்னார். இதைவிட நேர்மையான மதிப்பீட்டை நான் படித்ததில்லை.

இதன் மறுபக்கத்தையும் பாருங்கள். நீதிபதி தன் முன்னால் வந்த ஒரு வழக்கைத்தான் பார்க்கிறார். நூலாசிரியர் நூறு வழக்குகளை ஒரே மேசையில் விரித்துப் பார்க்கிறார். எங்கே ஒன்றுக்கொன்று முட்டுகிறது என்பது அவர் கண்ணுக்குத்தான் தெரியும். 1985-இல், அப்போது இங்கிலாந்தின் உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை குற்ற முயற்சி பற்றி ஒரு தீர்ப்பு கொடுத்தது. திருட்டுப் பொருள் என்று நம்பி ஒரு வீடியோ ரெக்கார்டரை வாங்கினார் ஒரு பெண். அது திருட்டுப் பொருள்தான் என்று நிரூபிக்கப்படவில்லை, எனவே முயற்சிக் குற்றமும் இல்லை என்றது சபை. கிளான்வில் வில்லியம்ஸ் என்ற கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஒரு கட்டுரையில் அந்தத் தீர்ப்பைக் கிழித்துத் தொங்கவிட்டார். மறு வருடமே வேறொரு வழக்கில் சபை தன் தீர்ப்பை மாற்றிக்கொண்டது. முந்தைய தீர்ப்பிலும் பங்கு கொண்டிருந்த பிரிட்ஜ் பிரபு, அந்தக் கட்டுரையின் மொழி மென்மையானது அல்ல என்றாலும் தமக்கு உதவியது என்று வெளிப்படையாகவே சொன்னார்.

ஆக, தீர்ப்பு இருந்தால் தீர்ப்பைக் காட்டுங்கள். தீர்ப்பே இல்லாத இடத்திலும், இரண்டு தீர்ப்புகள் மோதும் இடத்திலும் புத்தகத்தை எடுங்கள். அப்போதும் "இவர் பெரிய பேராசிரியர்" என்று சொல்லாதீர்கள், அவருடைய காரணத்தைச் சொல்லுங்கள்.

கேள்வி: ஒரு புத்தகத்தால் சட்டமே மாறியதாகச் சொல்வதெல்லாம் மிகைதானே?

பதில்: பெரும்பாலும் மிகைதான். ஆனால் மறுக்க முடியாத இரண்டு உதாரணங்கள் உண்டு.

முதலாவது கோஃப், ஜோன்ஸ் இருவரும் 1966-இல் வெளியிட்ட நூல். ஜோன்ஸ் கேம்பிரிட்ஜ் ஆசிரியர். கோஃப் ஆக்ஸ்போர்டில் கொஞ்ச காலம் கற்பித்துவிட்டு வழக்கறிஞரானவர். தவறாகக் கொடுத்த பணம், ஏமாந்து கொடுத்த பணம் போன்றவற்றைத் திரும்பக் கேட்கும் வழக்குகள் அதுவரை ஆங்கிலச் சட்டத்தில் ஆளுக்கொரு தலைப்பின் கீழ்ச் சிதறிக் கிடந்தன. இருவரும் எல்லாவற்றையும் ஒன்று திரட்டி, "இதற்கெல்லாம் அடியில் ஒரே கொள்கைதான்: அடுத்தவர் செலவில் நியாயமில்லாமல் பெற்ற ஆதாயத்தைத் திருப்பிக் கொடு" என்றார்கள். பல நீதிபதிகள் நம்பவில்லை. 1991-இல் ஒரு வழக்கு வந்தது. ஒரு சட்ட நிறுவனத்தின் பங்குதாரர் கட்சிக்காரர்களின் பணத்தை எடுத்துச் சூதாட்ட விடுதியில் விட்டுவிட்டார். அந்தப் பணத்தை விடுதி திருப்பித் தர வேண்டுமா என்பது கேள்வி. பிரபுக்கள் சபை அந்தக் கொள்கையை வெளிப்படையாக ஏற்றது. முதன்மைத் தீர்ப்பை எழுதியவர் யார் தெரியுமா? நீதிபதியாகிவிட்டிருந்த கோஃப். அதற்கு இருபத்தைந்து வருடம் ஆனது என்பதையும் கவனியுங்கள்.

இரண்டாவது, கேத்தரின் மெக்கின்னன் 1979-இல் வெளியிட்ட நூல். பின்னாளில் மிச்சிகன் சட்டப் பள்ளியில் பேராசிரியரானவர். வேலையிடத்துப் பாலியல் தொல்லை ஏதோ தனிமனிதச் சில்மிஷம் அல்ல, சட்டம் ஏற்கெனவே தடைசெய்துள்ள பாலினப் பாகுபாடுதான் என்பது அவர் வாதம். 1986-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அதே வழியில் தீர்ப்பளித்தது. அந்த வழக்கில் அவரே வழக்கறிஞர்களில் ஒருவர்.

ஒன்று கவனித்தீர்களா? இரண்டு இடத்திலும் எழுதியவர்கள் எழுதிவிட்டுச் சும்மா இருக்கவில்லை. ஒருவர் நீதிபதி இருக்கையில் போய் உட்கார்ந்தார், ஒருவர் வழக்கு நடத்தினார். அலமாரியில் இருந்த புத்தகம் தானாக எழுந்து நடந்து கோர்ட்டுக்குப் போகவில்லை.

கேள்வி (பொறியாளர்): நான் சட்டம் படித்தவன் இல்லை. ஆர்வத்துக்காகப் படிக்க ஒரே ஒரு நூல் சொல்லுங்கள்.

பதில்: எல்லோரும் ஆக்ஸ்போர்டு பேராசிரியர் ஹார்ட், சட்டம் என்றால் என்ன என்று கேட்டு 1961-இல் எழுதிய "தி கான்செப்ட் ஆஃப் லா"வைச் சொல்வார்கள். நல்ல நூல், மொழியும் தெளிவு. ஆனால் அது யாருக்குப் பதில் சொல்கிறது என்று தெரியாமல் படித்தால் நடுவில் தூக்கம் வரும்.

நான் உங்களுக்குச் சொல்வது யேல் பேராசிரியர் ராபர்ட் எலிக்சன் 1991-இல் வெளியிட்ட "ஆர்டர் வித்தவுட் லா". கலிபோர்னியாவின் சாஸ்டா மாவட்டத்தில் ஒருவர் மாடு இன்னொருவர் நிலத்தில் புகுந்தால் என்ன நடக்கிறது என்று நேரில் போய் விசாரித்திருக்கிறார். அங்கே சில பகுதிகளில் மாட்டுக்காரர் நஷ்ட ஈடு தர வேண்டும், சில பகுதிகளில் வேண்டியதில்லை. சட்டம் பகுதிக்குப் பகுதி மாறுகிறது, ஆனால் மக்கள் நடந்துகொள்வது மாறவில்லை. சட்டம் என்ன சொல்கிறது என்று சரியாகத் தெரியாமலே, "உன் மாட்டுக்கு நீ பொறுப்பு" என்ற அக்கம்பக்கத்து நியாயத்தின்படி தீர்த்துக்கொள்கிறார்கள். மனக்கணக்கு வைத்துக்கொள்வார்கள், புறம் பேசுவார்கள், வக்கீலிடம் போகமாட்டார்கள். ஒரு சட்டப் பேராசிரியரே சட்டம் எங்கே முக்கியமில்லை என்று காட்டும் நூல் என்பதால் எனக்குத் தனிப் பிரியம்.

கேள்வி (ஆய்வு மாணவர்): முனைவர் பட்ட ஆய்வேட்டை அப்படியே புத்தகமாக்கலாமா? கட்டுரைகளாக உடைப்பது நல்லதா?

பதில்: அப்படியே வேண்டாம், தம்பி. ஆய்வேடு தேர்வாளரை நம்பவைக்க எழுதியது. "நான் எல்லாம் படித்துவிட்டேன்" என்று காட்டும் இரண்டாவது அத்தியாயம் புத்தகத்தில் இருக்கவே கூடாது. தேவையானதை மட்டும் அடிக்குறிப்புக்கு இறக்குங்கள்.

கட்டுரையா புத்தகமா என்பது நீங்கள் எங்கே வேலை தேடப் போகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. அமெரிக்கச் சட்டப் பள்ளிகளில் கட்டுரைக்குத்தான் நெடுங்காலமாக முதல் மரியாதை. அங்கே பெரும்பாலான சட்ட இதழ்களுக்கு மாணவர்களே ஆசிரியர் குழு, ஒரே கட்டுரையைப் பல இதழ்களுக்கு ஒரே நேரத்தில் அனுப்பலாம். மற்றத் துறைக்காரர்கள் இதைக் கேட்டால் சிரிப்பார்கள். பல்கலைக்கழகப் பதிப்பகத்தில் புத்தகம் என்றால் கதை வேறு. திட்ட முன்மொழிவு, மாதிரி அத்தியாயங்கள், துறை அறிஞர்களின் மதிப்பீடு, அதற்கு உங்கள் பதில், பிறகு பதிப்பகக் குழுவின் ஒப்புதல் என்று நீளும். ஜெர்மனியில் பேராசிரியராக, முனைவர் ஆய்வேட்டுக்குப் பிறகு இரண்டாவதாக ஒரு பெரிய ஆய்வு எழுதுவது மரபு. சாவிக்னி உடைமை பற்றிய தன் புகழ்பெற்ற நூலை 1803-இல் வெளியிட்டபோது அவருக்கு வயது 24. அதைப் பார்த்து மனம் உடைந்துவிடாதீர்கள், அவர் விதிவிலக்கு.

கேள்வி: பேராசிரியர்களுக்கு இதில் பணம் வருமா?

பதில்: ஆய்வுநூலில் வராது. அதை வாங்குவது பெரும்பாலும் நூலகங்கள்தான். நன்றாக ஓடும் பாடநூலில் வரும்.

பழைய காலத்தில் நிலைமை சுவாரசியமாக இருந்தது. சார்லஸ் வைனர் என்பவர் ஆங்கிலச் சட்டத்தைப் பல தொகுதிகளாகச் சுருக்கித் தொகுத்து வெளியிட்டார். அவர் விட்டுச்சென்ற சொத்தில் ஆக்ஸ்போர்டில் ஒரு பேராசிரியர் பதவி உண்டானது. 1758-இல் முதலில் அதில் அமர்ந்தவர் பிளாக்ஸ்டோன். தன் விரிவுரைகளை 1765 முதல் 1769 வரை நான்கு தொகுதிகளாக வெளியிட்டு நன்றாகவே சம்பாதித்தார். அமெரிக்காவில் நேதன் டேனும் அதே மாதிரி ஒரு சட்டச் சுருக்கத் தொகுப்பு வெளியிட்டவர். அவர் நன்கொடையில் 1829-இல் ஹார்வர்டில் ஒரு பதவி வந்தது. உச்ச நீதிமன்ற நீதிபதி ஜோசப் ஸ்டோரி, நீதிபதியாக இருந்துகொண்டே அதை ஏற்று வரிசையாக நூல்கள் எழுதினார். சட்டப் புத்தகம் சட்டப் பேராசிரியரை உண்டாக்கியது, அவர் இன்னொரு சட்டப் புத்தகத்தை உண்டாக்கினார்.

கேள்வி: ஆசிரியர் இறந்து பல வருடமாகியும் அவர் பெயரில் புதுப் பதிப்பு வந்துகொண்டே இருக்கிறதே, எப்படி?

பதில்: பெயர் வியாபாரக் குறி மாதிரி ஆகிவிடுகிறது. ஸ்மித், ஹோகன் இருவரும் 1965-இல் எழுதிய குற்றவியல் சட்ட நூலை இருவரும் இறந்த பிறகு வேறு கைகள் புதுப்பித்து வருகின்றன. மேற்கோள் காட்டும்போது பதிப்பாசிரியர் பெயரையும் பதிப்பையும் சேர்த்துச் சொல்லுங்கள், இல்லையென்றால் இறந்தவர் வாயில் நேற்று வந்த சட்டத்தை வைத்துவிடுவீர்கள்.

பெயர் பாரமாகவும் ஆகலாம். ஜெர்மன் வக்கீல்களின் மேசையில் தவறாமல் இருக்கும் சிவில் சட்ட உரைநூல் பல பத்தாண்டுகள் பாலண்ட் என்ற பெயரில் வந்தது. அவர் நாஜி ஆட்சியில் உயர் பதவி வகித்தவர், உரையின் பெரும்பகுதியை எழுதியவரும் அல்ல. 2021-இல்தான் பதிப்பகம் பெயரை மாற்றியது.

கேள்வி: பழைய பதிப்பு மலிவாகக் கிடைக்கிறது, வாங்கலாமா?

பதில்: பாடநூல் என்றால் வேண்டாம். எடுப்பதாக இருந்தால் முன்னுரையில் "இந்தத் தேதி வரையிலான சட்டம்" என்று ஒரு வரி இருக்கும், முதலில் அதைப் பாருங்கள். தத்துவம், வரலாறு சார்ந்த ஆய்வுநூல் என்றால் தாராளமாக வாங்கலாம். ஆனால் ஹார்ட் நூலை மட்டும் 1994 பதிப்போ அதற்குப் பின் வந்ததோ பார்த்து வாங்குங்கள். அவர் இறந்த பிறகு அவர் காகிதங்களிலிருந்து எடுத்துச் சேர்த்த பின்னுரை அதில்தான் முதலில் வந்தது. அவரை விமர்சித்த சட்டத் தத்துவ அறிஞர் டுவொர்க்கினுக்கு அவர் சொல்ல நினைத்த பதில் அது.

கேள்வி (பேராசிரியர் ஒருவரின் மாணவர்): எங்கள் பேராசிரியர் எழுதிய நூலில் எனக்கு உடன்பாடு இல்லை. வகுப்பில் சொல்லலாமா?

பதில்: சொல்லுங்கள், ஆனால் பக்க எண்ணோடு சொல்லுங்கள். ஆங்கிலேயத் தத்துவ அறிஞர் பெந்தம் பதின்ம வயதில் பிளாக்ஸ்டோனின் விரிவுரைகளில் உட்கார்ந்து கேட்டவர். 1776-இல் பிளாக்ஸ்டோனின் நூலை எடுத்து ஒரு சிறு பகுதியை மட்டும் வரி வரியாக அலசித் தனிப் புத்தகமே போட்டார், அதுவும் பெயர் போடாமல். நீங்கள் பெயர் போட்டே கேட்கலாம். நல்ல ஆசிரியர்கள் தாங்களே மாறுவார்கள். கோஃப், ஜோன்ஸ் எழுதினார்களே, நியாயமில்லாமல் பெற்ற ஆதாயத்தைத் திருப்பிக் கேட்கும் அந்தச் சட்டத்திலேயே ஆக்ஸ்போர்டின் பீட்டர் பர்க்ஸ் 1985-இல் ஒரு கட்டமைப்பை எழுதி, ஒரு தலைமுறைக்கே அதைக் கற்பித்தார். 2003-இல் அதைத் தானே கைவிட்டு வேறு கட்டமைப்போடு புதிய நூல் எழுதினார். அவருடைய மாணவர்களில் சிலர் இன்னும் பழையதுதான் சரி என்கிறார்கள்.