பல்ஸைச் சுருக்கினால் மூன்றாம் நிலைக்குக் கசிகிறதே?

கேள்வி: ஏற்காடு நாகலூரிலிருந்து தினமும் பஸ்ஸில் சேலம் இறங்கி எம்.எஸ்சி. இயற்பியல் படிக்கிறேன். புராஜெக்டுக்காக டிரான்ஸ்மான் க்யூபிட்டை (குவாண்டம் கணினியின் அடிப்படை அலகாகப் பயன்படும் மீக்கடத்திச் சுற்று) சிமுலேட் செய்கிறேன். 0, 1 என்ற இரண்டு ஆற்றல் நிலை மட்டும் வைத்தால் 0-லிருந்து 1-க்குச் சுத்தமாகப் போகிறது. மூன்றாவதையும் (நிலை 2) சேர்த்து, அதை இயக்கும் காஸியன் (மணி வடிவ) மைக்ரோவேவ் பல்ஸை 6 நானோ நொடியாகக் குறைத்தால் 2-க்கும் கசிகிறது. வீட்டில் நெட் நிற்பதில்லை, கிளவுட் பக்கம் போக வழியில்லை. என்ன செய்யலாம் ஐயா?

பதில்: கிளவுட் எதற்கு? க்யூடிப் (QuTiP) என்ற குவாண்டம் சிமுலேஷன் மென்பொருளை ஒருமுறை கல்லூரியில் இறக்கிக்கொண்டால் போதும், லேப்டாப்பிலேயே ஓடும். மூன்று நிலையோடு நிறுத்தாமல் ஐந்து வையுங்கள். மேலே திடீரென்று வெட்டினால் விடை பொய் சொல்லும். அலைவெண்ணை 2π-ஆல் பெருக்கி கோண அலைவெண்ணாக்கினீர்களா என்றும் பாருங்கள். பாதி சந்தேகங்கள் அங்கேயே தீர்ந்துவிடும்.

0–1 இடைவெளி 5 கிகாஹெர்ட்ஸ், 1–2 இடைவெளி 4.75 என்று வைத்துக்கொள்வோம். வித்தியாசம் வெறும் 250 மெகாஹெர்ட்ஸ். பல்ஸ் குறுகினால் அதன் அலைவெண் பட்டை அகலும். சிக்மா (மணி வடிவத்தின் அகலத்தைச் சொல்லும் அளவு) 1.5 நானோ நொடி என்றால் அலைவெண்ணில் சிக்மா சுமார் 106 மெகாஹெர்ட்ஸ். வால் 250-ஐ எட்டிவிடும். போதாததற்கு 1–2 இணைப்பு 0–1-ஐவிட √2 மடங்கு வலுவானது.

முதலில் ஓரங்களைக் கவனியுங்கள். இரண்டு சிக்மாவில் வெட்டிய காஸியன், ஓரத்தில் உச்சத்தின் 13.5 சதவீத உயரத்தில் நிற்கிறது. அந்தத் திடீர்ப் படியே கசிவைக் கூட்டும். அந்த உயரத்தைக் கழித்து, பூஜ்யத்தில் தொடங்கிப் பூஜ்யத்தில் முடியும்படி செய்யுங்கள். பிறகு பரப்பளவு மறுபடி π வருமாறு உயரத்தைத் திருத்த வேண்டும், மறந்துவிடாதீர்கள்.

அடுத்தது டிராக் (DRAG), துணைப் பல்ஸ் சேர்த்துக் கசிவை அடக்கும் முறை. மோட்சாய், காம்பெட்டா, ரெபென்ட்ராஸ்ட், வில்ஹெல்ம் நால்வரும் 2009-இல் சொன்ன வழி. 90 டிகிரி தள்ளிய இரண்டாவது பல்ஸாக, முதல் பல்ஸின் வகைக்கெழுவை அந்த 250 மெகாஹெர்ட்ஸால் (கோண அலைவெண்ணாக) வகுத்துக் கொடுங்கள். கசிவு கூடினால் குறியை மாற்றிப் பாருங்கள். சுழலும் சட்டகத்தில் (பல்ஸின் அலையோடு சேர்ந்து சுழல்வதாக வைத்துக் கணக்கிடும்போது) குறி குழப்பாத ஆளே இல்லை. முழு அளவு கொடுத்தால் கசிவு குறையும், ஆனால் கட்டப் பிழை (phase error) மிஞ்சும். பாதி அளவு கட்டப் பிழையைச் சரிசெய்யும், கசிவை முழுதாக அடக்காது. இரண்டும் வேண்டுமென்றால் முழு அளவோடு டிரைவ் அலைவெண்ணையும் (பல்ஸின் அலைவெண்) கொஞ்சம் நகர்த்துங்கள்.

இதற்கும் அடங்காவிட்டால் மட்டும் கிரேப் (GRAPE), பல்ஸ் வடிவத்தைக் கணினியே தேடும் முறை. என்.எம்.ஆர். (அணுக்கருக் காந்த ஒத்ததிர்வு) துறைக்காக 2005-இல் வந்த முறை அது. பல்ஸைத் துண்டு துண்டாக்கி ஒவ்வொன்றையும் சரிசெய்யும். வரும் வடிவம் கோணல்மாணலாக இருக்கும். நிஜக் கருவி அதை அப்படியே வெளியிடாது. அதனால் எடுத்ததுமே அதற்குப் போவது எனக்குப் பிடிக்காது.

மூன்றாம் நிலையை விரட்டாமல் வேலைக்கு வைத்துக்கொள்பவர்களும் உண்டு. 2022-இல் ஆஸ்திரியாவின் இன்ஸ்ப்ரூக் குழு கால்சியம் அயனியில் ஏழு நிலைகள் வரை கட்டுப்படுத்திக் காட்டியது. டிரான்ஸ்மானில் அதை முயன்றால் 0–2 நேரடியாக ஏறாது, 1 வழியாக இரண்டு பல்ஸில் போங்கள். 2-லிருந்து 1-க்குச் சிதையும் வேகம், 1-லிருந்து 0-க்குச் சிதைவதைப்போல் ஏறக்குறைய இரு மடங்கு. அதைச் சேர்க்காத வரைபடத்தை வைவாவுக்கு எடுத்துப் போகாதீர்கள்.