ஒரு சிறுநீரகம், காத்திருப்பவர் பலர்: உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

சென்னையில் உறுப்பு மாற்று ஒருங்கிணைப்பாளராகப் பதினாறு ஆண்டுகள் வேலை பார்த்தேன். மூளைச்சாவு அடைந்தவரின் குடும்பத்தோடு உட்கார்ந்து பேசியிருக்கிறேன். அதே இரவில் இன்னொரு வீட்டுக்குப் போன் செய்து, "எதுவும் சாப்பிடாமல் கிளம்பி வாருங்கள்" என்று சொல்லியிருக்கிறேன். பற்றாக்குறையான சிகிச்சையை யாருக்குக் கொடுப்பது என்று நீங்கள் கேட்டவற்றில், ஒரே மாதிரி வந்தவற்றைச் சேர்த்து இங்கே பதில் சொல்கிறேன்.

முருகன், விழுப்புரம்: மேடம், அப்பா மூன்று வருடமாகப் பட்டியலில் இருக்கிறார். ஓ பாசிட்டிவ். அவரோடு டயாலிசிஸ் செய்துகொண்டவர் போன வருடம்தான் பதிவு செய்தார். அவருக்குக் கிடைத்துவிட்டது. பணம் கைமாறாமல் இது எப்படி நடக்கும்?

உங்கள் கோபம் புரிகிறது தம்பி. ஆனால் பணமே இல்லாமலும் இது நடக்கும். காத்திருப்போர் பட்டியல் என்பது ரேஷன் கடை வரிசை போல ஒற்றை வரிசை அல்ல. ஒவ்வொரு ரத்த வகைக்கும் தனித்தனி வரிசை. ஓ வகைக்காரர் ஓ வகைச் சிறுநீரகத்தை மட்டும்தான் ஏற்க முடியும். ஏபி வகைக்காரர் எல்லா வகையையும் ஏற்கலாம்.

அடுத்தது மருத்துவமனை. தமிழ்நாட்டு நடைமுறையில், மூளைச்சாவு அடைந்தவரைப் பராமரித்த மருத்துவமனை உறுப்பு மாற்றுக்கு அனுமதி பெற்றதாக இருந்தால், ஒரு சிறுநீரகம் அதன் சொந்தப் பட்டியலுக்குப் போகும். மற்றொன்று பொதுப் பட்டியலுக்கு. மூளைச்சாவு அடைந்த உடலை உறுப்பு கெடாமல் காப்பது பெரிய வேலை. அதற்கு ஓர் ஊக்கமாக இப்படி வைத்தார்கள். இதன் விளைவு, கொடையாளர்கள் அதிகம் வரும் மருத்துவமனையில் பதிவு செய்தவருக்குச் சீக்கிரம் வாய்ப்பு வருகிறது. இது முழு நியாயம் என்று நான் நினைக்கவில்லை. ஆனால் அந்த ஊக்கம் இல்லாவிட்டால் பொதுப் பட்டியலுக்கு வரும் அந்த ஒன்றும் குறைந்துவிடும் என்ற வாதத்தையும் என்னால் ஒதுக்க முடியவில்லை.

கடைசியாக கிராஸ்மேட்ச், அதாவது கொடையாளரின் உறுப்பை நோயாளியின் ரத்தம் எதிர்க்குமா என்று பார்க்கும் சோதனை. அப்பாவுக்கு அடிக்கடி ரத்தம் ஏற்றியிருந்தால் எதிர்ப்புப் பொருள்கள் உருவாகியிருக்கலாம். கூப்பிட்டு, சோதித்து, பொருந்தவில்லை என்று திருப்பி அனுப்பிய எத்தனையோ பேரின் முகம் எனக்கு நினைவிருக்கிறது.

பட்டியலில் அப்பாவின் பதிவு நடப்பில் இருக்கிறதா என்று கேளுங்கள். காய்ச்சல், அறுவை என்று ஏதாவது காரணத்துக்காகத் தற்காலிகமாக நிறுத்தி வைத்திருப்பார்கள். பிறகு மீண்டும் சேர்க்க மறந்திருப்பார்கள். அப்படிப்பட்ட குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன்.

பெயர் வேண்டாம், சேலம்: சிபாரிசு இருந்தால் முன்னால் போகலாமா?

விதியில் இடமில்லை. 2008-ல் தமிழ்நாட்டில் இறந்தோர் உறுப்புக் கொடைத் திட்டம் தொடங்கியதிலிருந்து பட்டியல் மாநில அளவில் இருக்கிறது. இப்போது அது டிரான்ஸ்டான் எனப்படும் மாநில உறுப்பு மாற்று ஆணையத்தின் பொறுப்பு. எந்த மருத்துவரும் தன் நோயாளியைத் தானே மேலே ஏற்ற முடியாது.

ஆனால் ஓட்டை எங்கே இருக்கிறது என்றும் சொல்லிவிடுகிறேன். உறுப்புகள் முதலில் இந்தியருக்கு, யாருக்கும் பொருந்தவில்லை என்றால்தான் வெளிநாட்டவருக்கு என்பது விதி. 2018-ல் இதயங்கள் வெளிநாட்டவருக்குப் போவதாகப் பெரிய புகார் எழுந்தபோது, கேள்வி அந்த "பொருந்தவில்லை" என்ற ஒரு சொல்லில்தான் வந்து நின்றது. உள்ளூர் நோயாளிக்கு வேண்டாம் என்று மருத்துவமனை சொல்லும்போது அதற்கான காரணத்தை எழுதி வாங்க வேண்டும். பட்டியலை எவ்வளவு கண்காணிக்கிறோமோ அந்த அளவுக்கு மறுப்புகளையும் கண்காணிக்க வேண்டும். இதயத்தை நான்கைந்து மணி நேரத்துக்குள் பொருத்த வேண்டும் என்பதால், அந்த இரவில் யாரும் நிதானமாக விசாரிக்க மாட்டார்கள். காலையிலாவது விசாரிக்க வேண்டும்.

சாந்தி, மதுரை: குடித்துக் குடித்துக் கல்லீரலைக் கெடுத்துக்கொண்டவருக்கும், ஒரு பாவமும் செய்யாத குழந்தைக்கும் ஒரே வரிசையா? என் மனம் ஒப்பவில்லை அக்கா.

என் மனமும் முதலில் ஒப்பவில்லை. அதனால் கொஞ்சம் நீளமாகவே பேசுகிறேன்.

1960-ல் அமெரிக்காவின் சியாட்டில் நகரில் பெல்டிங் ஸ்கிரிப்னர் என்ற மருத்துவர், கையில் நிரந்தரமாகப் பொருத்தும் ஒரு டெஃப்ளான் குழாயை உருவாக்கினார். அதுவரை சில முறை மட்டுமே செய்ய முடிந்த டயாலிசிஸை ஆண்டுக்கணக்கில் செய்ய முடிந்தது. 1962-ல் அங்கே டயாலிசிஸ் மையம் திறந்தார்கள். படுக்கைகள் மிகக் கொஞ்சம், கேட்டு வந்தவர்கள் அதிகம். யாரைச் சேர்ப்பது என்று முடிவு செய்ய ஏழு பேர் கொண்ட குழு அமைத்தார்கள். ஒரு வழக்கறிஞர், ஒரு பாதிரியார், ஒரு வங்கிக்காரர், ஓர் இல்லத்தரசி, ஓர் அரசு அதிகாரி, ஒரு தொழிற்சங்கத் தலைவர், ஓர் அறுவை மருத்துவர்.

அவர்கள் கெட்டவர்கள் இல்லை. சம்பளம் வாங்காமல், தூக்கம் கெட்டு அந்த வேலையைச் செய்தவர்கள். ஆனால் அவர்கள் எதை எதைப் பார்த்தார்கள் தெரியுமா? திருமணம் ஆனவரா, எத்தனை பிள்ளைகள், என்ன வருமானம், என்ன படிப்பு, தேவாலயத்துக்குப் போகிறாரா, ஊருக்கு என்ன செய்தார். 1962 நவம்பரில் லைஃப் இதழில் இது கட்டுரையாக வந்ததும் நாடே அதிர்ந்தது. தங்களைப் போன்ற வாழ்க்கை வாழ்ந்தவர்களைத்தான் குழு தகுதியானவர்கள் என்று தேர்ந்தெடுத்தது என்பதே பிறகு வந்த விமர்சனத்தின் சாரம். தனியாக வாழ்பவர், வேலை இல்லாதவர், ஊரோடு ஒட்டாதவர் எல்லாம் அந்தத் தராசில் எடை குறைந்தார்கள்.

இப்போது குடிகாரருக்கு வருவோம். "இவர் தானே வரவழைத்துக்கொண்டார்" என்ற அளவுகோலைக் கையில் எடுத்தால் எங்கே நிறுத்துவீர்கள்? சர்க்கரை நோய் இருந்தும் மாத்திரை போடாமல் சிறுநீரகம் போனவர்? ஹெல்மெட் போடாமல் விழுந்தவர்? சாக்கடை அள்ளும் வேலையின் நாற்றம் தாங்க முடியாமல் குடிக்கத் தொடங்கியவர்? அந்தக் கடைசி ஆளை நான் கற்பனையாகச் சொல்லவில்லை. என் கண் முன்னால் இறந்தவர் அவர்.

மருத்துவர்கள் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: இந்தக் கல்லீரல் இவர் உடலில் நிலைக்குமா? குடியை நிறுத்தி ஆறு மாதம் ஆகட்டும் என்ற விதி பல இடங்களில் இருந்தது. ஆறு மாதம் உயிரோடு இருக்க முடியாதவருக்கு அது மரண தண்டனை. 2011-ல் வெளியான ஒரு பிரெஞ்சு-பெல்ஜிய ஆய்வில், கடுமையான குடி ஈரல் அழற்சி வந்து மருந்துக்குக் கட்டுப்படாதவர்களில், கவனமாகத் தேர்ந்தெடுத்துச் சீக்கிரமே மாற்று செய்துகொண்டவர்களில் 77 சதவீதம் பேர் ஆறு மாதத்துக்குப் பின் உயிரோடு இருந்தார்கள். மாற்று செய்யப்படாத, அதே நிலையில் இருந்தவர்களில் 23 சதவீதம். குடும்பத்தின் துணை இருக்கிறதா, மீண்டும் குடிக்க வாய்ப்பு எவ்வளவு என்று பார்ப்பது நியாயம். அது எதிர்காலத்தைப் பற்றிய கணிப்பு. பாவ புண்ணியக் கணக்கு மருத்துவமனையின் வேலை இல்லை.

ரஃபீக், நாகப்பட்டினம்: சரி, வயது? 25 வயதுக்காரரும் 65 வயதுக்காரரும் காத்திருந்தால்?

நோட்டோ எனப்படும் தேசிய அமைப்பு வகுத்த மதிப்பெண் முறையில் டயாலிசிஸில் கழித்த காலத்துக்கு மதிப்பெண் உண்டு. குழந்தைகளுக்கும், முன்பு தன் சிறுநீரகத்தை ஒருவருக்குக் கொடுத்தவருக்கும் கூடுதல் மதிப்பெண் உண்டு. குழந்தைக்கு முன்னுரிமை என்பதில் எனக்குத் தயக்கமே இல்லை. டயாலிசிஸில் குழந்தையின் வளர்ச்சி தடைபடும். போன உயரம் முழுதாகத் திரும்பி வராது. பெரியவர்களுக்குள் வயதை மட்டும் வைத்து ஒருவரை வெளியே தள்ளுவது வேறு. 65 வயதுக்கு மேல் பதிவே செய்ய முடியாது என்றிருந்த வரம்பை 2023-ல் மத்திய அரசு நீக்கியது சரிதான்.

கவிதா, செங்கல்பட்டு: 2021 மே மாதம், கொரோனா அலையில், என் அப்பாவை ஆம்புலன்ஸில் வைத்துக்கொண்டு ஐந்து மணி நேரம் நின்றோம். 71 வயது. ஒரு படுக்கை காலியானபோது எங்களுக்குப் பின்னால் வந்த இளைஞரை எடுத்துக்கொண்டார்கள். அப்பா அங்கேயே போய்விட்டார். அந்த டாக்டரை என்னால் இன்னும் மன்னிக்க முடியவில்லை. நான் தவறா?

இல்லை அம்மா. மன்னித்தே ஆக வேண்டும் என்று உங்களிடம் கேட்க யாருக்கும் உரிமை இல்லை.

அந்த நாட்களில் நானும் ஒரு மருத்துவமனை வாசலில் நின்றேன். உள்ளே முடிவெடுத்துக்கொண்டிருந்தவர் முதுகலை படிக்கும் ஒரு பெண். எந்த எழுத்து விதியும் அவள் கையில் இல்லை. யாரைக் கேட்பது என்றும் தெரியாது. மூச்சுத் திணறலின் அளவு, பிழைக்கும் வாய்ப்பு என்று மனதுக்குள் கணக்குப் போட்டாள். பிறகு கழிவறையில் போய் அழுதாள். உங்கள் அப்பாவை விட்டுவிட்டு இளைஞரை எடுத்தது மருத்துவக் கணக்கா, வெறும் வயதுக் கணக்கா என்று எனக்குச் சொல்ல முடியாது. உங்களுக்குக் காரணம் சொல்லப்படவே இல்லை என்பது மட்டும் தெளிவான தவறு.

2020 மார்ச்சில் இத்தாலியின் தீவிர சிகிச்சை மருத்துவர் சங்கம், படுக்கை போதாவிட்டால் வயது வரம்பு வைக்க நேரலாம் என்று வெளிப்படையாக எழுதி வெளியிட்டது. பலர் கொதித்தார்கள். வயது வரம்பை நானும் ஏற்கவில்லை. ஆனாலும் எழுதி வைத்ததால்தான் அதை எதிர்க்கவாவது முடிந்தது. நம் வாசல்களில் எழுதாத விதிதான் ஓடியது, எழுதாததை எதிர்க்க வழி இல்லை. சிகிச்சை தரும் மருத்துவரே தேர்வும் செய்யக் கூடாது, அதற்கு மூத்தவர்கள் தனியாக இருக்க வேண்டும், குடும்பத்திடம் காரணத்தைச் சொல்லியாக வேண்டும். அடுத்த முறைக்கு இதையெல்லாம் இப்போதே எழுதி வைக்க வேண்டும் என்று நான் போகும் இடமெல்லாம் கேட்கிறேன்.

அதே கவிதா: வந்த வரிசையில் கொடுத்திருந்தால் சண்டையே இல்லையே?

பார்க்க நியாயமாக இருக்கும். ஆனால் முதலில் வருபவர் யார்? கார் இருப்பவர், எந்த மருத்துவமனையில் இடம் இருக்கிறது என்று போன் செய்து கேட்க ஆள் இருப்பவர். அதே மே மாதம் ரெம்டெசிவிர் என்ற கொரோனா மருந்துக்காகச் சென்னை கீழ்ப்பாக்கத்தில் நின்ற வரிசை நினைவிருக்கும். துணைக்கு ஆள் இல்லாத நோயாளிக்காக அந்த வரிசையில் யார் நின்றிருப்பார்கள்? இதில் இன்னொரு வேதனை, அந்த மருந்தைப் பரிந்துரைக்கவில்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2020 நவம்பரிலேயே சொல்லியிருந்தது.

இளங்கோ, காஞ்சிபுரம்: அப்படியானால் குலுக்கல்?

நான் குலுக்கலை மதிக்கிறேன். நம் பக்கத்து உத்திரமேரூர்க் கல்வெட்டில் குடவோலை முறை இருக்கிறதே, அதை நினைத்துப் பாருங்கள். யார் வேண்டுமானாலும் குடத்துக்குள் போய்விட முடியாது. வயது 35-க்கு மேல் 70-க்குள், சொந்த மனை, கணக்குக் காட்டியவர் என்று முதலில் தகுதி. அதற்குப் பிறகுதான் ஓலை. மருத்துவத்திலும் குலுக்கலுக்கு அதுதான் இடம். தேவையும் பலனும் ஒன்றாக இருப்பவர்களுக்குள் மட்டும்.

2020-ல் நோவார்டிஸ் நிறுவனம் தண்டுவடத் தசைச் சிதைவு நோய்க்கான சோல்ஜென்ஸ்மா மருந்தை, அது அனுமதிக்கப்படாத நாடுகளின் குழந்தைகளுக்கு ஆண்டுக்கு 100 டோஸ் வரை குலுக்கலில் இலவசமாகக் கொடுத்தது. அப்போது அமெரிக்காவில் அதன் விலை சுமார் 21 லட்சம் டாலர். குலுக்கல் யாருக்கும் பாரபட்சம் காட்டவில்லை. ஆனால் அங்கே பற்றாக்குறையை உண்டாக்கியது விலையும்தான். சிறுநீரகத்தைத் தொழிற்சாலையில் செய்ய முடியாது, மருந்தைச் செய்ய முடியும். இரண்டையும் ஒரே தராசில் வைக்காதீர்கள். சியாட்டில் குழு செய்தது போன்ற தேர்வுக்கும் முடிவு வந்தது பற்றாக்குறை நீங்கியபோதுதான். 1972-ல் அமெரிக்க நாடாளுமன்றம் டயாலிசிஸ் செலவை அரசே ஏற்கும் என்று சட்டம் போட்டது. படுக்கைகள் பெருகின, தேர்வுக்கே தேவை குறைந்தது.

ஜோசப், தூத்துக்குடி: உறுப்பு தானத்துக்குப் பதிவு செய்தவருக்கு முன்னுரிமை கொடுக்கலாமே?

இஸ்ரேலில் 2008-ல் இதற்கு ஒரு சட்டமே வந்தது. சிங்கப்பூரில் தானத் திட்டத்திலிருந்து விலகியவர் பட்டியலில் பின்னால் போவார். கொடுப்பவர் பெறட்டும் என்பது நம் காதுக்கு இனிமையாகவே இருக்கும். எனக்குத் தயக்கம், தானப் பதிவு அட்டையைப் பற்றிக் கேள்விப்படவே வாய்ப்பில்லாத கூலித் தொழிலாளியை நினைத்துத்தான்.

தேவி, நாமக்கல்: என் அக்காவுக்கு 34 வயது. இரண்டு வருடமாக டயாலிசிஸ். "அதுவே போதும், ஆபரேஷன் எல்லாம் எதற்கு" என்கிறார்கள் அத்தான் வீட்டில். அவளும் "விடு, செலவு" என்கிறாள். பட்டியலில் பெயரே கொடுக்கவில்லை.

இந்தக் கேள்விக்காகத்தான் இன்று உட்கார்ந்தேன் என்று சொல்லலாம். வரிசையில் யார் முன்னே, யார் பின்னே என்று இவ்வளவு நேரம் பேசினோம். வரிசைக்கே வராதவர்களைப் பற்றி யாரும் பேசுவதில்லை. உயிரோடு இருக்கும்போதே சிறுநீரகம் கொடுப்பவர்களில் நம் நாட்டில் பெரும்பாலோர் பெண்கள். மனைவி, அம்மா, அக்கா. பெறுபவர்களில் பெரும்பாலோர் ஆண்கள். போதாக்குறைக்கு, பிள்ளை பெற்ற பெண்ணின் உடலில் எதிர்ப்புப் பொருள்கள் உருவாகியிருக்கலாம், கிராஸ்மேட்ச் கடினமாகும். 2025 ஆகஸ்ட்டில் நோட்டோ, காத்திருக்கும் பெண்களுக்கு முன்னுரிமை கொடுக்கும்படி மாநிலங்களுக்கு அறிவுறுத்தியது. நல்லது. ஆனால் பதிவே இல்லாத பெயருக்கு எந்த முன்னுரிமையும் உதவாது.

முதல்வரின் காப்பீட்டு அட்டை இருக்கிறதா பாருங்கள், சிறுநீரக மாற்று அதில் வருகிறது. டயாலிசிஸ் செய்யும் இடத்துக்கு உறுப்பு மாற்று அனுமதி இல்லை என்றால், அனுமதி உள்ள அரசு மருத்துவமனையின் சிறுநீரகப் பிரிவுக்குக் கடிதம் கேளுங்கள். ரத்தம் குறைவு என்று சொன்னால், ஏற்றாமல் ஊசியில் சமாளிக்க முடியுமா என்று கேளுங்கள்; ஏற்றும் ரத்தத்தாலும் எதிர்ப்புப் பொருள்கள் உருவாகலாம். படிவத்தில் அக்காவே கையெழுத்துப் போடலாம், கணவரின் அனுமதி தேவையில்லை.

முதல் முறை நீங்களும் கூடப் போங்கள். மருத்துவர் அக்காவை விட்டுவிட்டு அத்தானைப் பார்த்துப் பேசத் தொடங்கினால், "அவளே சொல்லட்டும் டாக்டர்" என்று சொல்லி, அக்கா வாய் திறக்கும்வரை காத்திருங்கள்.