பள்ளி வாசலும் போராட்டப் பந்தலும்: கடற்கரை ஊர்க் கேள்விகளுக்குப் பதில்கள்

பள்ளிகளிலிருந்து 100 மீட்டர் தூரத்துக்குள் ஆர்ப்பாட்டமோ உண்ணாவிரதமோ கூடாது என்று உள்ளாட்சி மன்றங்களே தடை போட வேண்டும் என எங்கள் கடற்கரை ஊர்களில் ஒரு சாரார் கேட்கிறார்கள். மீனவர் குடும்பங்கள் பலவும் அதை எதிர்க்கின்றன. இரு தரப்பிலிருந்தும் வந்த கேள்விகளுக்கு, இராமநாதபுரம் மாவட்டத்தில் வழக்காடுபவள் என்ற முறையிலும் மீனவர் வீட்டில் பிறந்தவள் என்ற முறையிலும் பதில் எழுதுகிறேன்.

தங்கச்சிமடத்திலிருந்து ஒரு தாய்: வழக்கறிஞர் அம்மாவுக்கு வணக்கம். என் மகன் பத்தாம் வகுப்பு படிக்கிறான். பள்ளிக்கு எதிரே பந்தல் போட்டு நாள் முழுவதும் ஒலிபெருக்கி வைத்தால் பிள்ளை எப்படிப் படிப்பான்? தடை கேட்பது தவறா?

தவறே இல்லை, அம்மா. ஆனால் நீங்கள் சொல்லும் துன்பத்துக்குக் காரணம் பந்தலா, ஒலிபெருக்கியா என்பதைப் பிரித்துப் பார்க்க வேண்டும். ஒலிபெருக்கி என்றால் அதற்குப் புதிய சட்டம் தேவையில்லை. 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி, எழுத்து மூலமான அனுமதி இல்லாமல் எவரும் ஒலிபெருக்கி வைக்க முடியாது. கல்வி நிலையங்களைச் சுற்றி 100 மீட்டர் வரையிலான பகுதியை அரசு அமைதி மண்டலமாக அறிவிக்கலாம். அங்கே பகலில் 50 டெசிபலுக்கு மேல் ஒலி கூடாது. இருவர் சாதாரணமாகப் பேசிக்கொள்ளும் ஒலியே 60 டெசிபல் அளவுக்கு வரும் என்பதை எண்ணிப் பாருங்கள். பள்ளி இருப்பதாலேயே ஓரிடம் அமைதி மண்டலமாகிவிடாது, அரசு முறைப்படி அறிவிக்க வேண்டும் என்று 2017-இல் விதி திருத்தப்பட்டது. எனவே பெற்றோர் ஒன்றுகூடிக் கேட்க வேண்டியது அந்த அறிவிப்பைத்தான். அதைக் கேட்பதற்கு நானும் உங்களுடன் கையெழுத்திடுவேன்.

பாம்பனிலிருந்து ஒரு நாட்டுப்படகு மீனவர்: ஊராட்சியில் தீர்மானம் போட்டுவிட்டால் எங்களைக் கைது செய்துவிடுவார்களா?

அந்தத் தீர்மானத்தை மட்டும் காட்டி உங்களைக் கைது செய்ய முடியாது, ஐயா. கிராம சபையோ நகராட்சி மன்றமோ தன் கருத்தைத் தீர்மானமாக நிறைவேற்றி அனுப்பலாம். ஒன்றுகூடுவதைக் குற்றமாக்கும் அதிகாரம் தீர்மானத்துக்கு இல்லை. உள்ளாட்சி போடும் தடையை அவசரச் சட்டம் என்று சிலர் பேசுவதும் பிழையான சொல்லாட்சி. அது சட்டமன்றம் கூடாத நாட்களில் ஆளுநர் பிறப்பிப்பது; உள்ளாட்சிக்கும் அதற்கும் தொடர்பில்லை.

நடைமுறையில் இரண்டு அதிகாரங்கள்தான் உங்களைத் தொடும். ஒன்று, கூட்டங்களையும் ஊர்வலங்களையும் ஒழுங்குபடுத்தக் காவல்துறைக்கு இடமளிக்கும் 1861-ஆம் ஆண்டுக் காவல் சட்டத்தின் 30-ஆம் பிரிவு. மற்றொன்று, நாம் 144 என்றே சொல்லிப் பழகிய தடையுத்தரவு. 2024 ஜூலை 1 முதல் அது, பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 163-ஆம் பிரிவு. பரமக்குடி, பசும்பொன் நிகழ்ச்சிகளை ஒட்டிச் செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் பிறப்பிக்கப்படும் இந்த உத்தரவை நம் மாவட்டத்துக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. அது இரண்டு மாதங்களுக்கு மேல் தானாக நீடிக்காது. மாநில அரசு நீட்டித்தாலும் மேற்கொண்டு ஆறு மாதங்களே செல்லும். நெருக்கடியைச் சமாளிக்க வந்த அந்த அதிகாரத்தை, ஒரு பள்ளியைச் சுற்றி என்றென்றைக்கும் வேலி போடப் பயன்படுத்த முடியாது.

கீழக்கரையிலிருந்து ஓர் ஆசிரியர்: அமெரிக்காவில் நகர மன்றங்களே பள்ளி அருகே போராட்டத்தைத் தடை செய்ததாகப் படித்தேன். அங்கே முடிந்தது இங்கே ஏன் முடியாது?

அங்கே நடந்ததை முழுவதும் சொல்கிறேன், ஐயா. பாதி மட்டும் இங்கே பேசப்படுகிறது. சிகாகோ நகரம் 1968-இல், பள்ளி நேரத்தில் பள்ளியிலிருந்து 150 அடிக்குள், அதாவது ஏறக்குறைய 46 மீட்டருக்குள், மறியல் கூடாது என்று உள்ளூர்ச் சட்டம் செய்தது. ஆனால் அந்தப் பள்ளியிலேயே தொழிற்தகராறு இருந்து, தொழிலாளர்கள் அமைதியாக மறியல் செய்தால் மட்டும் விலக்கு என்றது. ஓர் உயர்நிலைப் பள்ளியில் நிறப் பாகுபாடு நடப்பதாக எழுதிய பதாகையை ஏந்தி, பெரும்பாலும் தனியாளாகவே, மாதக்கணக்கில் நடந்துகொண்டிருந்த அஞ்சல் ஊழியர் மோஸ்லி அதை எதிர்த்து வழக்காடினார். 1972-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அச்சட்டத்தைத் தள்ளிவிட்டது. ஒரு பொருளைப் பற்றிப் பேசுவோருக்கு இடம் கொடுத்து, வேறொன்றைப் பேசுவோரை விரட்டுவது அரசின் வேலையல்ல என்பதே அதன் காரணம்.

இல்லினாய் மாநிலத்தின் ராக்ஃபோர்டு நகரத்திலும் இதே போன்ற மறியல் தடை இருந்தது. 1969 ஏப்ரலில் அங்கே ஏறத்தாழ 200 பேர், கறுப்பின மாணவர்களின் குறைகளுக்காகப் பள்ளி ஓரத்தில் திரண்டனர். அந்த வழக்கில் மறியல் தடையை நீக்கிய அதே நீதிமன்றம், வகுப்பு நடக்கும்போது பாடத்தைக் குலைக்கும்படி சத்தம் எழுப்பக் கூடாது என்ற இன்னொரு உள்ளூர்ச் சட்டத்தைச் செல்லும் என்றது. அந்நாட்டுத் தீர்ப்பு நம்மைக் கட்டுப்படுத்தாது. ஆயினும் நமக்கு வேண்டிய கோடு அதில்தான் இருப்பதாக நான் நம்புகிறேன்: வகுப்பைக் கெடுக்கும் செயலைத் தடுக்கலாம், ஆள் நிற்பதையும் அவர் ஏந்தும் வாசகத்தையும் தடுக்கலாகாது.

நம் நாட்டிலும், பொதுத் தெருக்களில் கூட்டம் நடத்துவதை ஒழுங்குபடுத்தலாம், ஓர் அதிகாரியின் விருப்பத்துக்கு விட்டுவிட்டு அடியோடு மறுக்க முடியாது என்று அகமதாபாத் காவல் ஆணையர் வழக்கில் நம் உச்ச நீதிமன்றமும் அதே 1972-இல் கூறியிருக்கிறது.

தொண்டியிலிருந்து: மதுக்கடைக்கும் புகையிலைக்கும் தூரக் கணக்கு இருக்கிறதே?

இருக்கிறது. மதுக்கடை, கல்வி நிலையத்திலிருந்து நகராட்சிப் பகுதியில் 50 மீட்டரும் பிற இடங்களில் 100 மீட்டரும் தள்ளி இருக்க வேண்டும்; புகையிலை விற்பனைக்கு 100 கெஜம். ஆனால் மது விற்பது எவருக்கும் அடிப்படை உரிமையல்ல, ஆயுதமின்றி அமைதியாகக் கூடுவது அரசியல் சாசனத்தின் 19-ஆம் உறுப்பு தரும் உரிமை. அதற்குப் பொது ஒழுங்கு போன்ற சில காரணங்களுக்காக மட்டுமே, அதுவும் நியாயமான அளவில் மட்டுமே வரம்பு விதிக்க முடியும். கணக்கையும் பாருங்கள். ஒரு புள்ளியைச் சுற்றி 100 மீட்டர் என்றால் ஏறக்குறைய எட்டு ஏக்கர். தேவாலயம், பள்ளி, கடைத்தெரு எல்லாம் ஒரே நெடுஞ்சாலையை ஒட்டி அமைந்த தீவு ஊரில் அப்படிச் சில வட்டங்களை வரைந்தால், மக்கள் கூடி நிற்கக் கடலைத் தவிர வேறு இடம் இராது. பள்ளி அருகே மதுக்கடை வந்துவிட்டதென்று பெண்கள் திரண்டால், அவர்களையும் இந்தத் தடை அப்புறப்படுத்தும் என்பதைத் தயவுசெய்து மறக்க வேண்டாம்.

மண்டபத்திலிருந்து ஒரு மீனவர் சங்க உறுப்பினர்: எங்கள் ஆட்களை இலங்கைக் கடற்படை பிடித்துப்போன செய்தி விடியற்காலையில் வருகிறது. அனுமதிக்கு மனுப்போட்டுக் காத்திருக்க முடியுமா?

முடியாது என்பது எனக்கும் தெரியும். கணவனோ மகனோ எங்கே இருக்கிறான் என்று தெரியாத வீட்டின் காலைப்பொழுது எப்படி இருக்கும் என்பதைப் பார்த்து வளர்ந்தவள் நான். 2017 மார்ச்சில் நடுக்கடலில் நம் இளைஞர் ஒருவர் சுட்டுக் கொல்லப்பட்டபோது, தங்கச்சிமடம் நாட்கணக்கில் போராட்டக் களத்தில் அமர்ந்திருந்ததை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். 30-ஆம் பிரிவு ஒழுங்குபடுத்தத்தானே தவிரத் தடுப்பதற்கல்ல என்றும், அமைதியாகக் கூடியதாலேயே அது சட்டவிரோதக் கூட்டமாகாது என்றும் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2018-இல் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. இதை உங்கள் சங்கத்தில் அனைவரும் அறிந்திருக்க வேண்டும்.

அதே உறுதியோடு மற்றதையும் சொல்ல வேண்டும். பொதுவழியைக் காலவரையின்றி மறித்து அமர்வது உரிமையாகாது என்று உச்ச நீதிமன்றம் 2020-இல் ஷாகீன் பாக் வழக்கில் கூறிவிட்டது. பாம்பன் தீவுக்கு ஒரே சாலைப் பாலந்தான் உண்டு. சாலையை மறித்தால் மருத்துவமனைக்குப் போகும் வண்டியும் நிற்கும், தேர்வுக்குப் போகும் பிள்ளையும் நிற்பாள். சாலையோரத்தில் அமருங்கள், காவல் நிலையத்துக்கு ஒரு வரியேனும் எழுதிக் கொடுத்து அதன் நகலை வைத்துக்கொள்ளுங்கள், பள்ளி மணி அடித்தவுடன் ஒலிபெருக்கியை நீங்களே அணைத்துவிடுங்கள்.

ஏர்வாடியிலிருந்து: பள்ளி விடுமுறை நாளிலும் இந்தத் தடை பொருந்துமா?

பொருந்தும்படி எழுதினால், அந்த விதியின் நோக்கம் பிள்ளைகளின் படிப்பு அல்ல என்பது நீதிமன்றத்தில் உடனே தெரிந்துவிடும்.

சாயல்குடிப் பக்கத்திலிருந்து ஒரு மாணவி: அக்கா, எங்கள் பள்ளியில் கணக்கு ஆசிரியர் இல்லை. எங்கள் பெற்றோர் வாசலில் பதாகை பிடித்து நின்றால் குற்றமா?

குற்றமில்லை, தங்கை. இந்தத் தடையைக் கேட்பவர்கள் முதலில் உன் கேள்விக்குத்தான் பதில் சொல்ல வேண்டும். பள்ளிக்காகப் பேச வருபவர்கள் பள்ளி வாசலில் நிற்காமல் வேறெங்கே நிற்பார்கள்? அப்பா அம்மாவிடம் மூன்று செய்திகளைச் சொல்: வாயிலை மறிக்காமல் ஒரு பக்கமாக நிற்க வேண்டும், வகுப்பு நேரத்தில் முழக்கம் வேண்டாம், பதாகையே போதும், உன்னையும் உன் தோழிகளையும் வகுப்பிலிருந்து வெளியே அழைக்கக் கூடாது. ஆசிரியர் பணியிடம் எந்த நாளிலிருந்து காலியாக இருக்கிறது என்று அந்தப் பதாகையில் தேதியோடு எழுதச் சொல். கோரிக்கை மனுவின் நகல் ஒன்றை முதன்மைக் கல்வி அலுவலருக்கு அனுப்பி, ஒப்புகைச் சீட்டைப் பத்திரப்படுத்திக்கொள்ளட்டும். அதற்கு மேலும் யாராவது அவர்களை மிரட்டினால், அந்தச் சீட்டோடு என்னிடம் வரச் சொல்.