கிரேட் காக்ஸ்வெல் களஞ்சிய மாதிரி: தூணும் கதவும்

இங்கிலாந்தின் கிரேட் காக்ஸ்வெல்லில் பியூலி மடத்துத் துறவிகளுக்காகக் கட்டிய இடைக்காலத் தானியக் களஞ்சியத்துக்கு நீங்கள் செய்த மாதிரியைப் பார்த்தேன். 1:100 அளவுக்கு நீளம் 46 செ.மீ., அகலம் 13.4 செ.மீ. சரிதான். தூண்கள்தான் இடிக்கின்றன. ஓக் தூணை நேராகத் தரையில் நட்டிருக்கிறீர்கள். உண்மையான களஞ்சியத்தில் ஒவ்வொரு தூணும் ஏறக்குறைய 2 மீட்டர் உயரக் கல்பீடத்தின் மேல் நிற்கிறது. உங்கள் மாதிரியில் அதற்கு 2 செ.மீ. உயரக் கட்டை வையுங்கள். மரத்தின் வெட்டுமுனை மண்ணைத் தொட்டால் ஈரத்தை உறிஞ்சி அடியிலிருந்தே உளுத்துவிடும். 1292 வாக்கில் வெட்டிய மரம் இன்றும் கூரையைத் தாங்குவதற்கு இந்தப் பீடமும் ஒரு காரணம்.

முகப்புச் சுவர்களின் பெரிய கதவுகள் பிற்காலத்தவை. துறவிகள் காலத்துக்கு வேண்டுமென்றால் அவற்றை அடைத்துவிட்டு, நீளப் பக்கங்களின் நடுவே வாயில்மாடம் வையுங்கள். வண்டி ஒருபுறம் நுழைந்து மறுபுறம் வெளியேறும்.

பெயர்ப்பலகையில் ‘தசமபாகக் களஞ்சியம்’ (திருச்சபைக்குச் செலுத்தும் பத்தில் ஒரு பங்கு விளைச்சலைச் சேமிக்கும் இடம்) வேண்டாம். அது பியூலி மடத்தின் சொந்தப் பண்ணை விளைச்சலுக்கானது.